சீன மொழியினருக்கு ‘டெப்ரிகேட்’ கற்பித்தல்: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் மாலை நேர வகுப்புகளில் மாண்டரின் பேசும் மென்பொருள் பொறியாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தமிழ் ஆசிரியர்கள் ‘டெப்ரிகேட்’ (deprecate), அதாவது ஒன்றை ஏற்கவில்லை என்று தெரிவிப்பது, என்ற வினைச்சொல்லில் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள், மாணவர் தலையாட்டுகிறார், மறுநாள் அவர் எழுதும் மின்னஞ்சலில் அதே சொல் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தவறு பெரும்பாலும் விளக்கத்தில் இல்லை, விளக்கும் வரிசையில் இருக்கிறது. கீழே உள்ள வரிசையைப் பல முறை மாற்றிப் பார்த்த பிறகுதான் இப்படி அமைத்தேன். படிகளை இடம் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் என்ன கெடும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. வகுப்புக்கு முன் தயார் செய்ய வேண்டியவை

முதலில் உங்களுக்கே சொல் தெளிவாக வேண்டும். நம் ‘வேண்டாம்’ இதற்கு உதவும். ‘வேண்டு’ என்ற வினைக்கு விரும்புவது, இறைஞ்சுவது என்ற இரு பொருளும் உண்டு. அதன் எதிர்மறைதான் ‘வேண்டாம்’. ‘டெப்ரிகேட்’டின் லத்தீன் வேரும் இதே இயல்புடையது: இறைஞ்சி விலக்குவது, ‘இது வேண்டாமே’ என்று கேட்டுக்கொள்வது. ‘வேண்டாம்’ என்று சொன்னதால் ஒரு பொருள் மறைந்துவிடுவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாம் அதை விரும்பவில்லை என்பது மட்டும் வெளிப்படையாகிறது. இதை நீங்கள் பிடித்துக்கொண்டால் பாடம் முழுவதும் கையில் நிற்கும்.

அடுத்து, மாணவர் பேசுவது மாண்டரினா, கான்டனீஸா என்று கேளுங்கள். ஒலிப்புப் பிழைகள் வேறுபடும். சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் படித்தவர்கள் எளிமையாக்கப்பட்ட எழுத்துகளைப் படிப்பார்கள், தைவானிலும் ஹாங்காங்கிலும் படித்தவர்கள் மரபு எழுத்துகளைப் படிப்பார்கள். பயிற்சி அட்டைகளை அதற்கேற்பத் தயாரியுங்கள். சீனச் சொற்களை நான் இங்கே தமிழ் எழுத்தில் தருவது உங்கள் நினைவுக்காகத்தான். தொனி நம் எழுத்தில் வராது என்பதால், வகுப்பில் அவற்றை மாணவரே உச்சரிக்கட்டும்.

இரண்டு உரைப்பகுதிகள் தேவை. ஒன்று, அரசியல்வாதியோ அறிஞரோ ஒரு போக்கை ஏற்கவில்லை என்று சொல்லும் ஆங்கிலச் செய்தித்தாள் பத்தி. மற்றொன்று, ஏதாவது ஒரு மென்பொருளின் புதிய பதிப்புக் குறிப்பு. இரண்டிலும் இந்தச் சொல் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் மாணவர் பாதிச் சொல்லோடு வீடு திரும்புவார்.

முதல் அரை மணி நேரம் கைப்பேசி அகராதியைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கில–சீன அகராதியில் இந்தச் சொல்லுக்கு வழக்கமாகக் கிடைப்பவை மூன்று: ‘பு ட்சான்ச்சங்’, அதாவது ஒப்புதல் இல்லை, ‘ஃபான்துவெய்’, அதாவது எதிர்ப்பது, ‘பியென்தீ’, அதாவது தாழ்த்திப் பேசுவது. முதலாவது ஓரளவு சரி. இரண்டாவது மிக வலுவானது. மூன்றாவது பக்கத்துப் பாதைக்கு இழுத்துச் செல்கிறது. மூன்றையும் ஒரே நொடியில் பார்த்த மாணவர், தனக்குப் பழக்கமான ‘ஃபான்துவெய்’யைப் பிடித்துக்கொள்வார். பிறகு அதை அவர் மனத்திலிருந்து எடுப்பது கடினம்.

2. பொருளுக்கு முன் ஒலி

பொருளைச் சொல்வதற்கு முன்பே ஒலிப்பைப் பழக்குங்கள். இதற்குக் காரணம் உண்டு. ‘டெப்ரிகேட்’டுக்கு அருகிலேயே ‘டெப்ரீஷியேட்’ (depreciate) என்று இன்னொரு சொல் இருக்கிறது. எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். காதால் பிரிக்க முடியாதவர் கண்ணாலும் பிரிக்க மாட்டார்.

‘டெப்ரிகேட்’ மூன்று அசை, அழுத்தம் முதல் அசையில். ‘டெப்ரீஷியேட்’ நான்கு அசை, அழுத்தம் இரண்டாவது அசையில். மேசையைத் தட்டிக் காட்டுங்கள். முதல் சொல்லுக்கு மூன்று தட்டு, முதல் தட்டு ஓங்கி விழட்டும். இரண்டாவதற்கு நான்கு தட்டு, இரண்டாவது தட்டு ஓங்கி விழட்டும். பத்து முறை செய்தால் போதும்.

மாண்டரினில் ஓர் அசை உயிரொலியில் முடியும், அல்லது ‘ன்’, ‘ங்’ போன்ற மிகச் சில மெய்களில் முடியும். மெய்க்கூட்டில் தொடங்கும் அசையும் கிடையாது. அதனால் ‘ப்ரி’ என்பது ‘புரி’ ஆகிவிடும், கடைசி ‘ட்’ ஒன்று விழுங்கப்படும் அல்லது அதற்குப் பின்னால் ஓர் உயிரொலி ஒட்டிக்கொள்ளும். நாமும் ‘பஸ்ஸு’, ‘கேட்டு’ என்று உகரம் சேர்த்துப் பேசிப் பழகியவர்கள்தான். அதனால் இந்தப் பிழை எப்படிப் பிறக்கிறது என்பது நமக்கு எளிதில் புரியும், திருத்தும்போது பொறுமையும் தானாக வரும். கடைசி ‘ட்’டை முக்கியமாகக் கவனியுங்கள். அங்கே ஒலி விழுந்தால், பின்னால் வரும் ‘டெப்ரிகேட்டட்’ வடிவத்தின் கடைசி ஒலியும் விழும். ஐந்தாம் படியில் இலக்கணம் முழுவதும் அந்த ஒலியில்தான் தொங்குகிறது.

3. இரட்டைச் சொல்லைப் பிரித்து வைத்தல்

இப்போது ‘டெப்ரீஷியேட்’டின் பொருளை முதலில் சொல்லிவிடுங்கள்: மதிப்புக் குறைவது. புதிய கார் வாங்கிய ஓராண்டில் அதன் விலை இறங்குவது, ஒரு நாட்டின் நாணயம் டாலருக்கு எதிராகச் சரிவது ஆகிய இரண்டையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். எளிய சொல்லை முதலில் மூடி வைத்தால்தான் கடினமான சொல்லுக்கு இடம் கிடைக்கும்.

இங்கே சீன மொழி ஒரு கண்ணியை வைத்திருக்கிறது. புதிய ஆசிரியர்கள் இதைக் கவனிப்பதில்லை. நாணய மதிப்புக் குறைவதற்குச் சீனச் சொல் ‘பியென்ஜி’. ஒருவரைத் தாழ்த்திப் பேசுவதற்குச் சொல் ‘பியென்தீ’. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே. அந்த ‘பியென்’ எழுத்தின் இடப்பக்கம் இருப்பது சோழி அல்லது கிளிஞ்சலைக் குறிக்கும் உறுப்பு. பணம், மதிப்பு தொடர்பான பல சீன எழுத்துகளில் வருவது அது. ஆகவே சீன மாணவருக்கு ‘விலை இறங்குவது’, ‘மதிப்பைக் குறைத்துப் பேசுவது’ ஆகிய இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் அருகருகே நிற்கும் இரண்டு சொற்களையும் அவர் கலந்துவிடுவதில் வியப்பில்லை. தாய்மொழியே அந்தப் பாலத்தைக் கட்டிவைத்திருக்கிறது.

இதைச் சொல்லித் திருத்த ஒரே வழி, அந்த எழுத்தைப் பலகையில் மாணவரையே எழுதச் சொல்வது. “இந்தச் சோழி எந்த ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது?” என்று கேளுங்கள். விலையைக் குறிக்கும் ‘பிரைஸ்’ என்ற சொல்லுக்கு உறவான வேர் ‘டெப்ரீஷியேட்’டில்தான் இருக்கிறது. ‘டெப்ரிகேட்’டில் சோழி இல்லை, வேண்டுகோள் இருக்கிறது. இதை ஒரு முறை எழுதிப் பார்த்தவர்கள் பிறகு குழம்புவது அரிது.

ஓர் எச்சரிக்கை. “டெப்ரிகேட் என்றால் தாழ்த்திப் பேசுவது என்ற பொருளே கிடையாது” என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். ஆங்கில அகராதிகளில் அந்தப் பொருளும் உண்டு. ஏழாம் படியில் அது வரும். இப்போதைக்கு “அந்தப் பொருளைப் பிறகு பார்ப்போம்” என்று சொல்லி நிறுத்துவதே நேர்மை.

4. ஏற்காமையின் படிக்கட்டு

இனி முதன்மைப் பொருள். ஒரு செயலையோ போக்கையோ தான் ஏற்கவில்லை என்று, நிதானமாக, பெரும்பாலும் எழுத்திலோ மேடையிலோ தெரிவிப்பது. இதைத் தனியாகச் சொன்னால் ஒட்டாது. பக்கத்து வினைகளோடு வரிசையில் நிறுத்தினால்தான் இதன் உயரம் தெரியும்.

நான் பயன்படுத்தும் சூழல் எளிமையானது: ஒரு மேலாளர் இரவு பத்து மணிக்கு ஊழியர்களை அழைத்துக் கூட்டம் நடத்துகிறார். ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் செய்வது ‘டிஸ்அப்ரூவ்’. இன்னொருவர் எழுந்து “இது கூடாது” என்று தடுக்கப் பார்க்கிறார், அது ‘அப்ஜெக்ட்’. மூன்றாமவர் கூட்டத்தின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார், அது ‘கிரிட்டிசைஸ்’. நான்காமவர் இது மனிதத்தன்மையற்ற செயல் என்று ஊரறியப் பேசுகிறார், அது ‘கண்டெம்’. ஐந்தாமவர் நிறுவனத்தின் உள்மடலில், இரவுக் கூட்டங்கள் நல்ல வழக்கமல்ல, தவிர்ப்பது நல்லது என்று எழுதுகிறார். கூட்டம் நின்றுவிடவில்லை, அவர் நிறுத்தவும் முயலவில்லை. ஆனால் அவருடைய நிலை பதிவாகிவிட்டது. அதுதான் ‘டெப்ரிகேட்’.

‘டிஸ்அப்ரூவ்’ மனத்துக்குள்ளேயே நடக்கலாம். ‘டெப்ரிகேட்’ வெளியே சொன்னால்தான் நடக்கும். மாணவர்கள் தவறவிடும் நுணுக்கம் இதுதான். ஆகவே இந்த இரண்டையும் மட்டும் தனியாக ஐந்து நிமிடம் பழக்குங்கள்.

இந்தப் படியில் மூன்று சீனச் சொற்கள் வகுப்புக்குள் வரும். ‘ஃபான்துவெய்’ வந்தால், அது எதிரே நின்று தடுப்பது என்றும், ‘டெப்ரிகேட்’ பக்கத்தில் நின்று வேண்டாம் என்பது என்றும் பிரித்துக் காட்டுங்கள். ‘பீபிங்’ என்பதை அகராதி ‘கிரிட்டிசைஸ்’ என்கிறது. ஆனால் சீனத்தில் அம்மா பிள்ளையைத் திட்டுவதும், ஆசிரியர் மாணவரைக் கண்டிப்பதும் ‘பீபிங்’தான். அதனால்தான் “அம்மா என்னை கிரிட்டிசைஸ் செய்தார்” என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்ல வந்தது “திட்டினார்” என்பது. மூன்றாவது ‘ச்சியென்ட்ச’. வெளியுறவு அமைச்சகங்களின் அறிக்கைகளில் கேட்டுப் பழகிய வன்மையான கண்டனச் சொல். அது ‘கண்டெம்’முக்குச் சரியாகப் பொருந்தும், ‘டெப்ரிகேட்’டுக்குப் பொருந்தாது.

அன்றாடப் பேச்சில் இந்தச் சொல்லை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். நண்பரிடம் “நீ புகை பிடிப்பதை நான் டெப்ரிகேட் செய்கிறேன்” என்றால் மேடையில் ஏறிப் பேசுவது போல் இருக்கும். பேச்சுக்கு ‘எனக்கு அது பிடிக்கவில்லை’ என்ற எளிய ஆங்கிலம் போதும்.

5. வாக்கியத்தில் வைப்பது

பிழைகள் மிகுதியாக விளையும் இடம் இது. நான்கு பிழைகளை எதிர்பார்த்துச் செல்லுங்கள்.

முதலாவது, முன்னிடைச்சொல். சீனத்தில் ‘பு ட்சான்ச்சங்’ நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும். அதனால் மாணவர்கள் ‘டிஸ்அப்ரூவ்’வுக்குப் பின் வர வேண்டிய ‘ஆஃப்’ஐ விட்டுவிடுவார்கள். நீங்கள் அதைத் திருத்துவீர்கள். அவர் நல்ல மாணவர் என்பதால் அந்தத் திருத்தத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் ‘டெப்ரிகேட் ஆஃப்’ என்று எழுதுவார். ‘டெப்ரிகேட்’டுக்கு எந்த முன்னிடைச்சொல்லும் வேண்டாம், நேராகப் பொருளைத் தொடும். ஆகவே இரண்டு வினைகளையும் ஒரே நாளில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். தனித்தனி நாளில் சொன்னால் ஒன்றின் விதி மற்றொன்றுக்குத் தாவும்.

இரண்டாவது, முழு வாக்கியத்தைப் பின்னால் ஒட்டுவது. சீனத்தில் “நான் எதிர்க்கிறேன் அவன் போகிறான்” என்ற அமைப்பு இயல்பானது. வினை உருவம் மாறாது. ஆங்கிலத்தில் ‘ஹீ கோஸ்’ என்று இங்கே வர முடியாது, ‘ஹிஸ் கோயிங்’ என்று பெயராக மாற வேண்டும். நமக்கு இது எளிது, ஏனென்றால் தமிழில் நாம் “அவன் போவதை” என்று பெயராக்கி ‘ஐ’ உருபு சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆனால் சீன மாணவருக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதை மறந்துவிட்டு, புதிய ஆசிரியர்கள் இந்தப் படியை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். இருபது நிமிடம் கொடுங்கள்.

மூன்றாவது, ஆளைப் பொருளாக வைப்பது. செயலை, பழக்கத்தை, போக்கை வைக்கச் சொல்லுங்கள். ‘அவரை’ வைத்தால் பொருள் தாழ்த்திப் பேசுவதன் பக்கம் சாய்ந்துவிடும்.

நான்காவதுதான் கடினமானது: செயப்பாட்டு வினை. “இந்த ஃபங்ஷன் (நிரலின் ஒரு செயற்கூறு) டெப்ரிகேட்டட்” என்று ‘இஸ்’ இல்லாமல் எழுதுவார்கள், அல்லது ‘இஸ் டெப்ரிகேட்’ என்று கடைசி ஒலி இல்லாமல் எழுதுவார்கள். சீனத்தில் பேசப்படும் பொருளை முன்னால் வைத்துவிட்டு வினையை அப்படியே சேர்த்தால் போதும். யார் செய்தது, யாருக்குச் செய்யப்பட்டது என்பதை வினையின் உருவம் காட்டத் தேவையில்லை. ‘இஸ்’ ஏன் வேண்டும் என்று இலக்கணச் சொற்களால் விளக்குவதை நான் விட்டுவிட்டேன். அந்த ஃபங்ஷன் யாரையும் ஏற்காமல் இருக்கவில்லை, யாரோ அதை ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டு, “அந்த யாரோ எங்கே?” என்று கேட்பேன். மாணவர் தேடுவார். அவர் தேடும்போது ‘பை தி டெவலப்பர்ஸ்’ என்ற பகுதி வரும், அதோடு ‘இஸ்’ஸும் வரும்.

6. மென்பொருளில் இந்தச் சொல்

என் மாணவர்களுக்கு இது மிக அவசியமான பகுதி. ஆனாலும் இதை ஆறாவதாகத்தான் வைத்திருக்கிறேன். முதலில் வைத்தால், இது தனியான ஒரு கலைச்சொல் என்று நினைத்துக்கொண்டு பொதுப் பொருளைக் கற்கவே மாட்டார்கள்.

மென்பொருளில் ஒரு வசதியை ‘டெப்ரிகேட்டட்’ என்று குறித்தால், “இது இன்னும் இருக்கிறது, வேலையும் செய்யும், ஆனால் இனி இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்” என்று பொருள். நான்காம் படியில் உள்மடல் எழுதிய அதே மனிதரின் குரல்தான். அந்தத் தொடர்பைச் சுட்டிக் காட்டுங்கள்.

சீன மொழிபெயர்ப்புகள் இங்கே பெரிய இடையூறு செய்கின்றன. ‘ச்சியோங்’ என்று ஒன்று உண்டு. அதன் முதல் எழுத்துக்கே எறிவது, கைவிடுவது என்று பொருள். ‘ஃபேச்சி’ என்பது தூக்கிப்போட்டதைக் குறிக்கும். ‘குவோஷி’ என்றால் காலாவதியானது. மூன்றையும் படித்து வளர்ந்த பொறியாளருக்கு, ‘டெப்ரிகேட்டட்’ என்றாலே அந்த வசதி போய்விட்டது என்று தோன்றுகிறது. போதாததற்கு, சீனத்தில் முடிந்ததைக் காட்டும் ‘ல’ என்ற இடைச்சொல்லும் பின்னால் வந்து சேர்கிறது. என் மாணவர் ஒருவர் இப்படிப் புரிந்துகொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரலை அவசரமாகத் திருத்தி எழுதுவதில் ஒரு வார இறுதியை முழுதாகச் செலவிட்டார். அந்த வசதி அதற்குப் பிறகும் பல பதிப்புகளில் இருந்தது.

விளக்கத்தைவிட இங்கே எடுத்துக்காட்டுகள் வேலை செய்யும். நான் வைத்திருப்பவை இவை.

ஜாவா என்ற நிரல்மொழியில் ஓர் இழையை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடரை, வெளியிலிருந்து நிறுத்தும் ‘ஸ்டாப்’ என்ற வசதி 1998-இல் வந்த 1.2 பதிப்பிலேயே டெப்ரிகேட் செய்யப்பட்டது. 2023-இல் வந்த 20-ஆம் பதிப்பில்தான் அது செயலிழக்கச் செய்யப்பட்டது. இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள். அதைவிட முக்கியம், அது டெப்ரிகேட் ஆனதற்குக் காரணம் பழசாகிப்போனது அல்ல. பாதி வேலையில் இழையை நிறுத்தினால் தரவு சீர்குலைந்துவிடும் என்ற ஆபத்துதான் காரணம். ஆகவே ‘குவோஷி’ என்ற மொழிபெயர்ப்பு காரணத்தையே தவறாகச் சொல்கிறது.

பைத்தான் என்ற நிரல்மொழியில் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற தொகுதி 2021-இல் 3.10 பதிப்பில் டெப்ரிகேட் செய்யப்பட்டு, 2023-இல் 3.12 பதிப்பில் நீக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள். ஜாவாவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ‘டெப்ரிகேட்’ என்ற சொல்லுக்குள் கால அளவு எதுவும் இல்லை என்பது மாணவருக்குத் தானாகப் புரியும். காலத்தை அறிய அந்தக் குறிப்பின் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். ஜாவாவின் 9-ஆம் பதிப்பில், 2017-இல், ‘இது நீக்கப்படவும் போகிறது’ என்று தனியாகக் குறிக்க ஒரு வழியைச் சேர்த்தார்கள். வேண்டாம் என்பதும் நீக்குவதும் ஒன்றாக இருந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

வலைப்பக்க மொழியான எச்.டி.எம்.எல். இன்னும் நல்ல உதாரணம். 1997-இல் வந்த 4-ஆம் பதிப்பு ‘சென்டர்’, ‘ஃபான்ட்’ ஆகிய குறிகளை டெப்ரிகேட் செய்தது. அதே ஆவணம் ‘அப்சலீட்’ என்று வேறொரு வகையையும் வைத்தது: அவற்றை உலாவிகள் ஆதரிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. டெப்ரிகேட், அப்சலீட், ரிமூவ் என்ற மூன்று படிகளைப் பலகையில் ஏறுவரிசையில் எழுதிவிட்டு, சீனச் சொற்களை அவற்றுக்கு எதிரே வைக்கச் சொல்லுங்கள். ‘ஃபேச்சி’யை மூன்றாவதன் பக்கம் மாணவரே நகர்த்துவார்.

முதல் படிக்கு எது? “பு த்வெய்ஜியென் ஷியோங்”, அதாவது பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. சொற்கள் சற்று நீளம்தான். ஆனாலும் நான் பார்த்தவற்றில் இதுவே நெருக்கமானது. மாணவர் அலுவலகத்தில் ‘ச்சியோங்’ என்று சொல்ல வேண்டியிருந்தால் சொல்லட்டும், அங்கே அதுவே வழக்கு. ஆங்கிலத்தைப் படிக்கும்போது மட்டும் மனத்தில் நீளமான சொல் ஓட வேண்டும்.

7. தன்னைத்தானே தாழ்த்திக்கொள்வது

‘செல்ஃப் டெப்ரிகேட்டிங்’ என்ற அடைமொழியைக் கடைசியில் வையுங்கள். மூன்றாம் படியில் ஒதுக்கி வைத்த ‘தாழ்த்திப் பேசுவது’ இங்கேதான் உயிரோடு இருக்கிறது, பேச்சிலும் அடிக்கடி வரும்.

மாணவர்கள் இதைப் பணிவு, அதாவது ‘ச்சியென்ஷூ’ என்று எடுத்துக்கொள்வார்கள். பாராட்டினால் ‘நாலி நாலி’ என்று மறுப்பது சீனர்களின் பழைய பண்பாடு, ஆகவே அந்த முடிவு இயல்பானது. ஆனால் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் நகைச்சுவையோடு சேர்ந்தே வருகிறது: தன் வழுக்கையைப் பற்றித் தானே சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பது. அதற்குச் சீனத்தில் ‘ட்சுச்சாவ்’ பொருத்தம். பாராட்டை மறுப்பது ஒன்று, பாராட்டே இல்லாத இடத்தில் தன் குறையைத் தானே எடுத்துச் சொல்வது இன்னொன்று. இரண்டு சிறு உரையாடல்களை நடிக்க வையுங்கள், அது போதும்.

8. கற்றுக்கொண்டார்களா என்று பார்ப்பது

வகுப்பின் முடிவில் பொருள் கேட்காதீர்கள். பொருளை ஒப்பித்துவிடுவார்கள். தயாராக வைத்திருந்த பதிப்புக் குறிப்பைக் கொடுத்து, “இந்த வசதியைப் பயன்படுத்தும் நிரல் நாளைக் காலை ஓடுமா?” என்று மட்டும் கேளுங்கள். ஓடும் என்று உடனே சொன்னால் ஆறாம் படி பதிந்துவிட்டது. தயங்கினால் ஜாவா, பைத்தான் எடுத்துக்காட்டுகளுக்குத் திரும்புங்கள், ஐந்தாம் படிக்கு முந்தைய படிகளுக்குப் போக வேண்டாம்.

பிறகு செய்தித்தாள் பத்தியைக் கொடுத்து, பேசியவர் அந்தப் போக்கை நிறுத்தினாரா என்று கேளுங்கள். இங்கே ‘ஃபான்துவெய்’ மீண்டும் தலைகாட்டினால் நான்காம் படியில் இரவுக் கூட்டத்தை மறுபடி நடத்துங்கள். இந்த முறை ஐந்தாமவரின் உள்மடலை மாணவரே எழுதட்டும்.

ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், பழைய கார் விலையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அதில் ‘டெப்ரிகேட்’ வந்துவிட்டால் பொருளை விளக்கத் தொடங்காதீர்கள். மேசையைத் தட்டுங்கள்: மூன்று தட்டு, பிறகு நான்கு தட்டு. பெரும்பாலும் அவரே அழித்துத் திருத்திவிடுவார்.